நூறாவது வாளி

1938 பங்குனியில் ஒரு காலை, உரும்பிராய்ப் புகையிலைத் தோட்டக்காரர் பரமலிங்கம் கருகிய புகையிலை இலை ஒன்றை ஆழ்வாப்பிள்ளையின் மேசையில் போட்டார். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை எழுதும் அரசாங்க நில ஆய்வு உத்தியோகத்தர் ஆழ்வாப்பிள்ளை.

"உங்கடை கடுதாசியை நம்பிக் கிணத்தை ஆழமாக்கினன். இப்ப தண்ணியெல்லாம் உப்பு. வேலிச் சண்டையிலை பக்கத்து வளவு முருகேசுதான் உப்பைக் கொட்டியிருக்கிறான். நீங்கள் எழுதித் தந்தால் உவனைப் பொலிசு பிடிக்கும்."

"பிடிப்பம், ஐயா!" என்றான் உதவியாளன் கிறிஸ்துநாயகம்.

ஆழ்வாப்பிள்ளை அலுமாரியிலிருந்து அந்தக் கிணற்றின் பழைய போத்தலை எடுத்தார். 'தை 2' என்று ஒட்டியிருந்தது. அதைப் பைக்குள் வைத்தார்.

கிணற்றடியில் ஊர் கூடியிருந்தது. முருகேசுவின் கொட்டிலிலிருந்து கிறிஸ்துநாயகம் வெறும் உப்புச் சாக்கு ஒன்றைத் தூக்கி வந்தான்.

"அது தென்னைக்குப் போட்டது, தம்பி. என்ரை அஞ்சு பிள்ளையளாணை," என்றார் முருகேசு.

பரமலிங்கத்தின் மனைவி குணலட்சுமி மெல்லச் சொன்னாள்: "விடியக் குடிக்க நல்லாத்தான் கிடக்கு, ஐயா. இறைக்க இறைக்கத்தான் கரிக்குது."

"நீ சும்மா இரு," என்றார் பரமலிங்கம்.

ஆழ்வாப்பிள்ளை முதல் வாளியில் ஒரு போத்தல் நிரப்பினார். நீர் இறைக்கும் துலா ஏறி இறங்கியது. நூறாவது வாளியில் இன்னொன்று. கிறிஸ்துநாயகம் இரண்டையும் நாவில் வைத்துப் பார்த்தான், இரண்டாவதைத் துப்பினான்.

"மேலை கொட்டின உப்பெண்டால் இறைக்க இறைக்கக் குறையும். இது கூடுது," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "எங்கடை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை மழைத்தண்ணி கடல்தண்ணிக்கு மேலை மிதக்குது. ஆழமாக்கி இறைச்சால் கீழை கிடக்கிறது ஏறும். முருகேசு ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப உங்கடை சோதினையிலை ஏன் பிடிபடேல்லை?" என்றார் பரமலிங்கம்.

ஆழ்வாப்பிள்ளை பழைய போத்தலைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். "தை இரண்டு. என்ன நாள்?"

"பட்டிப்பொங்கல்," என்றார் முருகேசு. "ரெண்டு நாளாய் ஒருத்தரும் இறைக்கேல்லை."

"ஓம். இறைக்கிற ஆக்களின்ரை கரைச்சல் இராதெண்டுதான் அண்டைக்கு வந்தன். இறைக்காத கிணத்திலை மேல்தண்ணியை மட்டும் அள்ளிச் சோதிச்சுப்போட்டு, ஆழமாக்கலாமெண்டு எழுதினன்."

பரமலிங்கம் முருகேசுவின் முகத்தைப் பார்க்காமல் சாக்கை மடித்துக் கொடுத்தார்.

கிறிஸ்துநாயகம் கொப்பியில் குற்றவாளி என்று எழுதியிருந்த முருகேசுவின் பெயரை வெட்டினான். "இந்த இடத்திலை என்ன எழுத, ஐயா?"

"என்ரை பேரை எழுது."

முருகேசுதான் கேட்டார்: "அண்டைக்கு எத்தினை கிணறு பாத்தனீங்கள்?"

"பதினொண்டு," என்றார் ஆழ்வாப்பிள்ளை. மீதி வெறும் போத்தல்களைப் பைக்குள் அடுக்கிப் புறப்பட்டார். பக்கத்து ஒழுங்கையில் யாரோ கல் உடைக்கும் சத்தம் கேட்டது. அங்கும் கிணற்றை ஆழமாக்குகிறார்கள்.