வீட்டுக்குப் போக வழி

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்களைத்தான் பதினைந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். அது வேலை செய்வதை நிறுத்த வேண்டும் என்று கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

மாடி வீடு. மதியம் மூன்றரை. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். துவைத்த துணி காயாமல் கிடந்தால் வருமே, அந்த வாடை. அவர் என்னைக் கூடத்து மூலைக்கு அழைத்துப் போனார். மேசைமேல் பிரிண்டர், பக்கத்தில் கூராகச் சீவி வைத்த ஒரு பென்சில்.

"தினமும் நாலு மணிக்குத் தானா ஒரு பேப்பர் வருது தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "என் மனைவி உள்ள இருக்கா. அவளுக்குத் தெரியாம நிறுத்திடுங்க."

"பழைய பிரிண்ட் ஏதாவது மாட்டிக்கிட்டு இருக்கும் சார். இதுக்குப் போயி இப்படி வேர்க்கலாமா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

மாட்டிக்கொண்டது எதுவும் இல்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகு லேப்டாப்பில் ரூட்டரைத் திறந்து, வைஃபையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்தேன். அவருடைய போன், மனைவியின் போன், பிரிண்டர், என் லேப்டாப். ஐந்தாவதாக ஒன்று. 'பாப்பா டேப்' என்று இருந்தது.

"இது யாரோடது சார்?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். நசுங்கிய டேப்லெட், கண்ணாடித் தூள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளம்.

"எங்க பொண்ணு. பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில... லாரி. பத்து மாசம் ஆச்சு. இது அவ பையில இருந்தது."



மணி நான்கு.

பிரிண்டர் தானாக முனகியது.

காகிதம் மெல்ல வெளியே வந்தது. குழந்தைகளுக்கான வழி தேடும் புதிர். ஒரு மூலையில் ஒரு சிறுமி, எதிர் மூலையில் ஒரு வீடு. மேலே, 'வீட்டுக்குப் போக வழி காட்டுங்கள்'.

உள்ளறையிலிருந்து அந்த அம்மா வந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்துச் சிறுமியிலிருந்து வீடு வரை கோடு போட்டார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி என்னை என்னவோ செய்தது. காகிதத்தோடு உள்ளே போய்விட்டார்.

"ஆரம்பத்துல நூறு திருப்பம் இருந்துச்சு," என்று கிசுகிசுத்தார் கணவர். "நாளாக நாளாகக் குறையுது. இன்னைக்கு எத்தனைன்னு பாத்தீங்களா?"

ஒன்றுதான் இருந்தது.

"நாளைக்கு வந்துடுவா தம்பி. சக்கரத்துக்கு அடியில இருந்து அவளை எடுத்தப்ப நான் பாத்தேன். அந்தக் கோலத்துல அவ வந்து நிக்கிறதப் பெத்தவ பாக்கக் கூடாது."

தெரியாத கருவி ஒன்று வைஃபையில் நுழைந்திருந்தால் என் தொழிலில் செய்வது ஒன்றுதான். பழகிய கை யோசிக்காமல் செய்தது. 'தடை செய்' என்பதை அழுத்தினேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். பட்டியலில் அந்தப் பெயர் காணாமல் போனது.

"யாரு கதவச் சாத்தினது?" உள்ளேயிருந்து அந்த அம்மா வீறிட்டார். "பாப்பா வெளிய நிக்கிறா! கதவத் தொறங்க!"

எந்தக் கதவையும் யாரும் சாத்தவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகப் படியிறங்கினேன். நல்லது செய்தேனா பாவம் செய்தேனா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. வீடு தேடி வந்த குழந்தையை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. ஏழு வயது வாயாடி. என் பிரிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையில் வண்ணப் பென்சிலோடு நிமிர்ந்தாள்.

"அப்பா, பிரிண்டர் தானா ஒரு புதிர் குடுத்துச்சு. திருப்பமே இல்ல, ரொம்ப ஈஸி. வழி போட்டுட்டேன்."

காகிதத்தைப் பிடுங்க அவள் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"அங்க உக்காராதீங்கப்பா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவளுக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் வலிக்குதாம்."