நனைந்த கல்லில் நின்றவள்

மழை பிடித்துக்கொண்டால் போதும், ஊரில் பாதிச் சனம் குடையும் கல்விழியுமாகக் கிளம்பிவிடுகிற காலம் அது. வெயில் நாளில் ஒருத்தரும் அந்தக் கேமராவைத் தொடமாட்டார்கள்.

கல்விழி என்பது கல்லுக்குள் தேங்கிய வெளிச்சத்தைப் படமாக வாங்கும் கருவி. காய்ந்த கல் எதையும் உள்ளே விடாது. நனைந்த கல்லோ எதிரே நிற்பவரின் சாயலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும். வந்தோம் போனோம் என்றிருந்தவர்கள் படத்தில் விழமாட்டார்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றவர்கள்தான் தெரிவார்கள். கோட்டைச் சுவரில் ராஜாவைத் தேடிப் போனவர்களுக்கு வாசல் கூட்டியவளும் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவனும் கிடைத்தார்கள். பள்ளிக்கூடச் சரித்திரத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அடேயப்பா, கருவி என்றால் இதுவல்லவா கருவி! ஒரே ஒரு குறைதான். விசையை அழுத்தியதும் தேங்கியதெல்லாம் வடிந்து, கல் காலியாகிவிடும்.

சென்னியப்பனுக்கு அந்தக் கருவி என்றால் உயிர். ஆனால் ராசி இல்லாத மனுஷன். எந்தக் கல்லுக்குப் போனாலும் அதை எவனோ முன்னமே காலி செய்திருப்பான். கடைசியில், காங்கேயம் பக்கம் சீமைக்கருவேலங்காட்டை வெட்டிய இடத்தில் பழங்காலத்து ஈமக் கல்வட்டம் ஒன்று தெரிகிறதாம், யாரும் தொடாததாம் என்று காதில் விழுந்தது. மழை இறங்கியதும் மனைவி வஞ்சிக்கொடியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"ஏனுங்க, செருப்பைச் சேறு முழுங்கிருச்சு. செத்தவங்களப் பாக்கறதுக்கு இந்த ஓட்டமா?"

"மழை உட்டுப்போச்சுன்னா கல்லு காஞ்சுரும் அம்மிணி. அதுக்குள்ள வேற எவனாச்சும் வந்து அமுத்திட்டான்னா? இந்த ஒண்ணாச்சும் எனக்குக் கெடைக்கோணும்."

"கெடைக்கும் கெடைக்கும். நம்மூட்டுத் தொவைக்கற கல்லுல நீங்க கெடைச்ச மாதிரி."

சென்னியப்பன் நடையை எட்டிப் போட்டான். போன ஐப்பசியில், கருவியைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று புறக்கடைத் துவைக்கிற கல்லைப் படம் பிடித்திருந்தான். இழுத்துச் செருகிய சேலையும் குனிந்த முதுகுமாக வஞ்சிக்கொடி அச்சாக விழுந்திருந்தாள். ஓரத்தில் நாய்கூட இருந்தது. சென்னியப்பன் இல்லை. "ஊட்டுக்காரரத் தவிர எல்லாரும் இருக்கறாங்க" என்று அவள் தெருவெல்லாம் காட்டிச் சிரித்தாள். அவனுக்கு அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

மேடு ஏறியதும் இருவருமே நின்றுவிட்டார்கள். ஆளுயரப் பாறைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன, பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் இவர்களைக் கண்டு பேச்சை நிறுத்தியதுபோல. எந்த இயந்திரமும் இல்லாத காலத்தில் இத்தனை கனத்தையும் தோளாலும் கயிற்றாலும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.  சென்னியப்பன் கருவியை ஒவ்வொரு கல்லுக்கும் நேராகக் காட்டினான். பெரிய கல்லில், தேங்கிய அளவைக் காட்டும் முள் துடித்து உச்சிக்கு ஏறியது.

"நெறஞ்சு கெடக்குது அம்மிணி! கொடையப் பெட்டிக்கு மேல புடி."

அழுத்தினான்.

படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு பெண். அதே ஆள், கறுத்த தலையும் நரைத்த தலையுமாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தாள். அப்படியானால் ஆயுசு முழுக்க மழைதோறும் வந்து நின்றிருக்கிறாள். கையில் ஓலைக்குடை. அதைத் தன் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. முன்னால் கல் குவித்திருந்த புதைகுழி மேட்டுக்குப் பிடித்திருந்தாள்.

"உள்ள இருக்கறவங்க நனையக்கூடாதுன்னு..." வஞ்சிக்கொடி புறங்கையால் கண்ணை ஒற்றினாள். "மகராசி! என்ன பொம்பள இவ!"

சென்னியப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவ்வளவு நாள் அலைந்ததற்கு இந்த ஒன்று போதும் என்று இருந்தது.

வஞ்சிக்கொடி எட்டிக் கல்லைத் தொட்டாள். "இப்ப இதுக்குள்ள இருக்கறாளா?"

"இல்ல. எல்லாம் பெட்டிக்குள்ள வந்துருச்சு."

"ஆயுசெல்லாம் நின்னவள ஒரே அமுத்துல எறக்கிப் போட்டீங்களா?" அவள் கல்லிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நம்மூட்டுக் கல்லுல நானும் இல்லைங்களா?"

அவன் அதை நினைத்தே பார்த்ததில்லை. தான் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் குமைந்தான். அதுவரை அங்கே விழுந்திருந்தவளைத் துடைத்தது தன் விரல்தான் என்று உறைக்கவே இல்லை.

"இல்ல, அம்மிணி."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வஞ்சிக்கொடி தொப்பலாக நனைந்திருந்தாள். குடை இன்னும் கருவிக்கு மேலேதான் இருந்தது.

கருவியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டான். குடையை வாங்கி அவள் தலைக்கு மேல் பிடித்தான். அப்படியே காலியான அந்தப் பெரிய கல்லுக்கு எதிரே நின்றார்கள். மேட்டுக்குக் கீழே கல்விழியோடு இன்னொரு கூட்டம் அரக்கப்பரக்க ஏறி வந்துகொண்டிருந்தது.

"நாளையிலிருந்து துணி நான் தொவைக்கறேன்" என்றான் மெதுவாக.

வஞ்சிக்கொடி முகத்து நீரை வழித்துவிட்டுச் சிரித்தாள். "தொவைங்க. ஆனா ஒருநாள் ரெண்டுநாள் தொவைச்சாவெல்லாம் கல்லுல விழ மாட்டீங்க, ஆமா."