நூல் போன வழி

"வந்திருக்கிறது என் அண்ணன்தானா, இல்லை அவன் ரூபத்துல வேற ஏதாவதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் தையல்காரி.

நிதானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். துப்பறிவது அவர் தொழில். எதற்கும் அவசரப்படாததால் ஊர் வைத்த பெயர் அது. உதவிக்கு மனைவியின் தம்பி இருந்தான். ஊருக்கெல்லாம் அவன் மச்சான்.

"பேய் கேஸெல்லாம் நாங்க எடுக்கறதில்லைம்மா" என்ற மச்சான், நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அண்ணன் உலகத்தின் மறுகோடிக்கு வேலைக்குப் போனான். பிறகு இணையம் வழியாகக் குரல் மட்டும் வந்தது. மாடியில் ஜன்னலோரம் படுக்கையாகக் கிடந்த அம்மா, கடைசி வருடத்தில், "அவன் வெளியே நிக்கிறான், கதவைத் திற" என்று அடிக்கடி சொன்னாள். திறந்தால் தெரு காலியாக இருக்கும். அம்மா போன பத்தாம் நாள், அண்ணன் பெட்டியோடு வாசலில் நின்றான்.

"வந்ததும் மாடியைப் பாத்து, 'அந்த மஞ்சள் திரை எங்கே?'ன்னான். அம்மாவுக்கு வெயில் படுதேன்னு போன வருஷம் மிச்சத்துணியில நான் தைச்சது சார். அவங்க போன அன்னிக்கே கழட்டிட்டேன். போட்டோ இல்லை, போன்ல சொன்னதும் இல்லை. எப்படித் தெரியும்னு கேட்டா சிரிக்கிறான்." அவள் குரல் தாழ்ந்தது. "என் அண்ணன் அங்கேயே செத்துட்டானா சார்?"

மறுநாள் காலை, தையல் மெஷின் அருகே உட்கார்ந்திருந்த அண்ணனிடம் நிதானம் கேட்டார்: "பயணமெல்லாம் எப்படி?"

"நேர் விமானம் சார். இருபது மணி நேரம். ஜன்னல் சீட். பகல் முழுக்கக் கீழே கடல்தான். வேற ஒண்ணுமே தெரியலை."

மச்சான் காதோரம் குனிந்தான். "பேய்க்கு எதுக்கு அத்தான் டிக்கெட்?"

"வாயை மூடு மாப்பிள்ளை."

அலமாரி மேல் தையல்காரி மகளின் பூகோள உருண்டை இருந்தது. நிதானம் அதை இறக்கி, தையல்காரியிடம் கொஞ்சம் நூல் வாங்கினார். ஒரு முனையை இந்த ஊரிலும் மறுமுனையை அண்ணன் வேலைக்குப் போனதாகச் சொன்ன ஊரிலும் வைத்து இறுக்கினார். நூல் கடலை விட்டு விலகி, மேலே ஏறி, உச்சியில் வடதுருவத்தின் வெள்ளையில் போய்ப் படிந்தது.

"நேர் விமானம் இந்த வழியாத்தான் வரும். காத்துக்காகக் கொஞ்சம் விலகலாம், அவ்வளவுதான். பதினஞ்சு மணி நேரம். கீழே பெரும்பாலும் பனி. தட்டையான வரைபடத்துல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாத்தான் நீங்க பாத்த கடல் வரும். உங்க இருபது மணி நேரமும் அந்தக் கோட்டை அளந்து வந்ததுதான்."

"அப்ப இவன் அண்ணனே இல்லை!" மச்சான் எழுந்துவிட்டான்.

"உக்காரு. அண்ணன்தான். ஆனா இவர் அங்கேயிருந்து வரலை. அங்கே போகவே இல்லை. மாடித் திரை தெருவுல நின்னு பாத்தாலே தெரியும்."

அண்ணன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு ஏர்போர்ட்ல, விசா பேப்பர் போலின்னு உள்ளே நிறுத்திட்டாங்க. வெளியே நீங்க எல்லாரும் கண்ணாடி வழியாக் கையாட்டிட்டு நின்னீங்க. அம்மா சிரிச்சிட்டு இருந்தா. எந்த முகத்தோட திரும்பி வர்றது? நீங்க போற வரைக்கும் தூணுக்குப் பின்னாடி நின்னேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"இத்தனை வருஷம் எங்கே இருந்தே?" என்றாள் தையல்காரி.

"ரெண்டு பஸ் மாறணும்."

"அம்மா சொல்றப்பல்லாம் கதவைத் திறந்தேனே அண்ணா!"

"மஞ்சள் திரை விலகும். அம்மா பாப்பா. நீ இறங்கி வர்றதுக்குள்ள எதிர்ச் சந்துக்குள்ள போயிடுவேன்."

தையல்காரி எழுந்து போய்த் தெருக்கதவைத் திறந்தாள். சந்து காலியாக இருந்தது. அண்ணன் வீட்டுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தான். இருந்தும் அவள் அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.