பொட்டு வைத்த விளக்கு

துரைக்கண்ணுவின் வாடகைக் கார் அன்று காலையும் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஆயுத பூசை முடிந்த ஐந்து நாளில் இது மூன்றாவது தடவை.

பின் சீட்டில் பக்கத்து வீட்டு அம்சா அக்கா, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விழுப்புரத்தில் பத்தரை மணிக்கு அவளுக்கு நர்ஸ் படிப்புக்கான நேர்காணல். அந்தக் காலோடு பஸ்ஸில் ஏற முடியாது. திண்டிவனம் ஸ்டாண்டில் இருந்த மற்ற கார்கள் விடியலிலேயே சவாரி போய்விட்டன.

"பேட்டரி செத்துடுச்சும்மா," என்றார் துரைக்கண்ணு. "தள்ளி கிளப்பிடலாம். வழியில நின்னுட்டா உனக்குத்தான் பேஜாரு."

"இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தாண்ணே," என்றாள் அம்சா.

துரைக்கண்ணுவின் மகள் பொன்னிக்குப் பத்து வயது. கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"ஏம்ப்பா, கடையில போட்டா பேட்டரியில சார்ஜ் ஏறுது. வண்டி ஓடும்போது ஏறலையா?"

"ஓடும்போது டைனமோ ஏத்தும். ஏத்தலைன்னா மீட்டர்கிட்ட சிவப்பு லைட் எரிஞ்சுக்கினே இருக்கும். அதான் எரியலையே."

பொன்னி யோசித்தாள். முன் சீட்டு எப்போதும் அவளுடையது. "சாவி போட்டதும் அது எரியும்ப்பா. வண்டி கிளம்பினதும்தான் அணையும். இப்ப சாவி போட்டும் எரியலையே?"

அப்பா சாவியைத் திருப்பினார். எரியவில்லை. "பல்பு போயிருக்கும்."

பொன்னி எட்டிப் பார்த்தாள். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்துபோன சந்தனமும் நடுவில் குங்குமமும் அப்பியிருந்தன. பூசை அன்று பொட்டு வைத்தது அவளேதான். ஸ்டீயரிங், கண்ணாடி, ஹாரன் என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. மகள் வைத்த பொட்டை அழிக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை.

பாவாடை நுனியால் துடைத்துவிட்டால் அவள் மறைத்தது யாருக்கும் தெரியாது. ஆனால் அம்சா அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, லைட்டு மேலயே பொட்டு வெச்சிட்டேன். நான்தான் மறைச்சிட்டேன்."

துரைக்கண்ணு குனிந்து நகத்தால் சுரண்டினார். உள்ளே விளக்கு மங்கலாகச் சிவந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு நாளா அது கத்திக்கினு இருந்திருக்கு. நான் ஓட்டுறவன், எனக்கே தெரியலை பாரு."

தெருவில் போன இரண்டு பேர் தள்ளிவிட, கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆனாலும் விளக்கு அணையவில்லை. அப்படியானால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு அப்பா முன்பக்க மூடியைத் திறந்தார். டைனமோவைச் சுற்றிவிடுகிற பெல்ட்டைப் பொன்னி கட்டைவிரலால் அழுத்தினாள். அது கொடித்துணி மாதிரி தொங்கியது.

"இவ்ளோ தொளதொளன்னு இருந்தா எப்படிப்பா சுத்தும்?"

"சுத்தாது. வழுக்கிக்கினு போகும். ஜல்தியா அந்த ஸ்பானரை எடு."

அப்பா போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை ஒரு கட்டையால் நெம்பிப் பிடித்து, இறுக்கினார். பெல்ட் விறைப்பானது. தள்ளிய அதே இருவரும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. துரைக்கண்ணு ஆக்ஸிலரேட்டரை அழுத்த, சிவப்பு விளக்கு சட்டென்று அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு!" என்றாள் அம்சா அக்கா.

வழி நெடுக மூன்று பேரும் ரோட்டைவிட அந்த விளக்கைத்தான் அதிகம் பார்த்தார்கள். அது எரியவே இல்லை. வழியில் வந்த ஒரு மாட்டு வண்டிக்கு ஹாரன்கூடத் தெம்பாக அடித்தது.

விழுப்புரத்தில் இறங்கி, பொன்னியின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்சா அக்கா கடைசிப் படி ஏறும்போது, உள்ளே ஒருவர் பட்டியலைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"அம்சா. திண்டிவனம் அம்சா வந்தாச்சா?"

"வந்துட்டேங்க," என்றாள் அம்சா அக்கா.