சுடாத விளக்குகள்

"பத்து நாளா திருட்டும்மா. போலீஸுக்குப் போறதுக்கு முந்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்" என்றார் ஞானதாஸ். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அகல் விளக்குப் பட்டறை வைத்திருப்பவர். காய வைத்த விளக்குகள் காணாமல் போகின்றனவாம். அவர் சந்தேகப்பட்டது அங்கே வேலை செய்யும் வளர்மதியை. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

செல்வநாயகி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து ஓய்வு பெற்றவர். ஊரில் எது தொலைந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். மருந்துக்கடை மதிவாணனுக்கோ வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், கடையை யார் தலையிலாவது கட்டிவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவார்.

பட்டறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"உள்ள செருப்பு கூடாதுங்க. ஒரு பொடிக்கல்லு மண்ணுல கலந்தாலும் சூளையில விளக்கு வெடிச்சிடும்" என்றார் ஞானதாஸ்.

மதிவாணன் உடனே கழற்றினார். செல்வநாயகி முற்றத்துச் சேற்றை ஒரு கணம் பார்த்துவிட்டு, செருப்பின் மேலேயே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டார். மதிவாணனுக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

சுட்ட விளக்குகள் கூடை கூடையாகத் திறந்து கிடந்தன; அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. போனதெல்லாம் சுடாதவை. பலகைக்கடியில் பாதி விளக்கு ஒன்று, ஓரத்தில் பல் தடத்தோடு கிடந்தது.

"எலிதான் மேடம்!" என்று துள்ளினார் மதிவாணன்.

"எலிக்கு இவ்ளோ அகலமா பல்லு இருக்குமா?" என்றார் செல்வநாயகி.

பின்பக்கக் கழிப்பறையில் பூட்டு துருவேறித் தொங்கியது. "குழி ரொம்பிடுச்சுங்க. ஆறு மாசமா பூட்டிதான் இருக்குது. வேலை செய்ற பொம்பளைங்க அந்தப் புதர் மறைவுக்குப் போயிக்குவாங்க" என்றார் ஞானதாஸ். அந்தப் புதரிலிருந்து மழைத்தண்ணீர், பெண்கள் களிமண் மிதிக்கிற இடத்துக்கே ஓடி வந்திருந்தது.

ஒன்பது பெண்களையும் நிற்க வைத்து, கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னார் செல்வநாயகி. ஆறு பேருக்கு உள்ளே சிவப்பே இல்லை. வளர்மதியின் இமை சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது.

"நீதான் தின்னியாம்மா?"

வளர்மதி தலை குனிந்தாள். "வாய் கேக்குதும்மா. அடக்க முடியல."

"மண்ணு தின்னுதான் சோகை வந்துச்சா?" என்றார் மதிவாணன்.

"தலைகீழா சொல்றீங்க. சோகை வந்ததாலதான் தின்னுருக்கா. ரத்தம் குறைஞ்சா சிலருக்கு மண்ணு மேல ஆசை வரும். ரத்தத்தைக் குடிக்கிறது கொக்கிப்புழு. மைக்ராஸ்கோப்புல முட்டையைப் பாத்தா உறுதியாயிடும். மலத்தோட வெளிய வர்ற முட்டை ஈரமண்ணுல பொரிஞ்சு, குட்டிப்புழுவாகி வெறுங்கால் தோலைத் துளைச்சு உள்ள போவும்." செல்வநாயகி ஞானதாஸின் பக்கம் திரும்பினார். "கக்கூஸைப் பூட்டினது நீங்க. செருப்பைக் கழட்டச் சொன்னதும் நீங்க."

ஞானதாஸின் முகம் செத்துப்போனது. மதிவாணன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"இவளுக்கு உடனே ரத்தம் ஏத்தணும். ரெண்டு உயிரு" என்றார் செல்வநாயகி.

"போலீஸெல்லாம் இல்லம்மா. நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் ஞானதாஸ்.

வளர்மதி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அப்போ நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"