பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு

சனிக்கிழமை சாயங்காலம் எழில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனது. அந்த வீட்டில் அப்படி நடப்பது ரொம்ப அபூர்வம்.

எல்லாம் சினேகா அக்காவால் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, எம். புதுப்பட்டியில் அவர்கள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்த அதே அக்காதான். அவள் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, எனக்குக் கெமிஸ்ட்ரி வேண்டாம். நான் இன்டீரியர் டிசைன் படிக்கப் போறேன்."

அம்மா வள்ளித்தாயின் கையிலிருந்த தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது. தோசை கருகிய வாசனை வந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த சங்கிலிமுத்து மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அப்பா முனியராஜ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எழிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் முழிப்பதைப் பார்த்தால், அக்கா ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

"அது என்ன படிப்பு தாயி?" என்று கடைசியில் கேட்டார் அப்பா.

"ஒரு வீட்டுக்குள்ள, ஒரு ஆபீசுக்குள்ள எதெது எங்கன இருக்கணும்னு திட்டம் போடுற படிப்புப்பா. மதுரைல ஒரு காலேசுல இருக்கு. திங்கக்கிழமதான் கடைசி நாளு."

சங்கிலிமுத்து மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் அச்சகத்தில் வேலை. எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். இப்போதும் இருந்தது.

"எனக்குத் தெரியும் மச்சான். பணக்காரக வீட்டுல போயி திரைச்சீலை மாட்டி, பூச்சாடி வைக்கிற வேல. இதுக்குப் போயி யாராவது காலேசுக்குப் போவாகளா?"

அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. முன் அறை, அதன் மூலையில் கேஸ் அடுப்பு, அதைத் தாண்டினால் உள் அறை. அவ்வளவுதான் வீடு.

"நம்ம வீடே ரெண்டு ரூம்பு. இதுல என்னத்த அலங்காரம்? கெமிஸ்ட்ரி படிச்சா கம்பெனி லேப்புல பேனுக்குக் கீழ உக்காந்து வேல பாக்கலாம். என்னைய மாதிரி வெயில்ல ரூம்பு ரூம்பா ஓட வேண்டாம். திங்கக்கிழம விருதுநகர் காலேசுல போய்ச் சேருவோம். அம்புட்டுத்தான்."

அப்பா 'அம்புட்டுத்தான்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவர் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அங்கே அவர் சொல்வதை நூறு பேர் கேட்பார்கள். வீட்டில் மூன்றே பேர் கேட்காமல் இருக்க முடியுமா?

அக்கா உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. எழிலுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அக்காவைச் சிரிக்க வைக்கலாமென்று தன் ரப்பர் பந்தை எடுத்து மெல்ல அவள் முதுகில் எறிந்தாள். பந்து முதுகில் பட்டு, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

எழில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒட்டடை தெரிந்தது. பந்து தெரிந்தது. பந்துக்குப் பின்னால் ஒரு மர நிலைப்படி தெரிந்தது. நிலைப்படிக்கு மேலே, துருப்பிடித்த ஒரு தாழ்ப்பாள்.

சுவரில் எதற்குத் தாழ்ப்பாள்?

எழில் எழுந்து வெளியே ஓடினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே சுவரில் நீலப் பெயின்ட் அடித்த பலகை இருந்தது. அதில் சாக்பீஸால் மூன்று கோடுகள் போட்டு, பல வருடங்களாக அதைத்தான் ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் விளையாடுகிறாள். இன்றுதான் அதை ஒழுங்காகப் பார்த்தாள். பலகையைச் சுற்றி நிலைச்சட்டம் இருந்தது. அது ஸ்டம்பே இல்லை. கதவு.

பிறந்ததிலிருந்து இருக்கும் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு கதவு இருக்கிறதென்றால் யாருக்குத்தான் திடுக்கென்று இருக்காது? எழில் மூச்சு வாங்க அக்காவிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, பீரோவுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு."

"தெரியும்," என்றாள் அக்கா, திரும்பாமலே. "அம்மா கல்யாணத்துக்கு இந்தப் பீரோ வந்தப்பவே கதவ அடச்சு வச்சிட்டாக. தினமும் தூங்குறதுக்கு முன்னாடி நான் மனசுக்குள்ள பீரோவ நகத்தி நகத்திப் பாப்பேன். அங்கன வச்சா வெளிச்சம் வரும், இங்கன வச்சா காத்து வரும்னு. இந்தப் படிப்பே அதுதான்டி. திரைச்சீலையெல்லாம் கடைசியிலதான்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"ரெண்டு தடவ சொல்லிட்டேன். 'கிடக்கட்டும்'னு சொல்லிட்டாரு."

சொல்லி ஆகாதென்றால் வேறு என்ன செய்வது? எழில் அன்று ராத்திரி தோசை சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். எதிரே அப்பா வழக்கம்போல ஆலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து எங்கிட்ட வேல பாக்குற சிவபாண்டி கதவுக்கு முன்னால ஒரு வாளிய வச்சிட்டான். காலி வாளிதான். ஆனா விடுவனா? 'ஏலே, ரூம்புக்கு எதுக்குலே எதிரும் புதிருமா கதவு வச்சிருக்கு? இந்தப் பக்கம் தீப்பிடிச்சா அந்தப் பக்கம் ஓடத்தாம்லே'ன்னு சொல்லி, இன்னைக்கு வேல கிடையாது போன்னு அனுப்பிட்டேன்."

எழில் தோசையை வாயில் வைத்தபடியே நிமிர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. மத்தியானம் கறிச்சோறு. மாமாவும் வந்திருந்தார். உள் அறையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் எழில் கேட்டாள்.

"அப்பா, ஒங்க கம்பெனியில விசில் அடிச்சு ஓடச் சொல்லிப் பழக்குவீகள்ல, அத நம்ம வீட்லயும் ஒருநா செய்வமா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. கறிச்சோற்றைவிட அவருக்கு அது பிடிக்கும்.

"அப்படிக் கேளு தாயி. எல்லாரும் கவனிங்க. தீ எங்க எரியுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் போகணும். ஒருத்தர ஒருத்தர் தள்ளக் கூடாது. கையில எதையும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"இந்தத் தட்டக்கூடவா மச்சான்?" என்றார் மாமா கவலையாக.

"அதையும்தான்."

எழில் சிவப்பு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, முன் அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுதான் தீ. வாசல் வரைக்கும் பிடிச்சிருச்சு," என்றாள். அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். எழில் பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

அப்பா ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

ஊதிய வேகத்தில் அவரே முதல் ஆளாகத் திரும்பினார். இத்தனை வருடம் ஆலையில் பழகிய கால். தீக்கு எதிர்ப்பக்கம், நேராக, கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்.

டங்.

இரண்டு உள்ளங்கையும் பீரோவில் மோதின. அவர் முதுகில் அம்மா மோதினாள். அம்மாவின் முதுகில் மாமா மோதினார். எவ்வளவு சொல்லியும் தட்டை விடாத மாமாவின் ரசம் எல்லார் மேலும் கொட்டியது.

மாமா சிரிக்கத் தொடங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இங்கன ஒரு கதவு இருந்துச்சே," என்றார் அப்பா. அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இப்பவும் இருக்குப்பா," என்றாள் எழில். "பின்னாலதான் இருக்கு."

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் அதட்டிப் பேசும் அப்பாவை அப்படிப் பார்க்க எழிலுக்குப் பயமாகவும் பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு காலி வாளிக்கு அந்தப் பயல அம்புட்டு ஏசுனேன்," என்றார் அப்பா மெதுவாக. "இங்கன பீரோவையே வச்சு அடச்சிட்டு, பிள்ளைகளையும் பக்கத்துல போட்டுக்கிட்டு இம்புட்டு வருசமா தூங்கியிருக்கேன். அடுப்பு அங்கன இருக்கு. ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா?"

அப்பா பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு இத இங்கன வச்சது?"

அம்மா தன் தம்பியைப் பார்த்தாள். மாமா தட்டைப் பார்த்தார்.

"உள்ள வந்ததும் கண்ணாடி பளிச்சுன்னு தெரியுமேன்னு நான்தான் வச்சேன் மச்சான். பாக்க அழகா இருக்கும்ல."

"ஆக, இந்த வீட்டுல அலங்காரம் பண்ணுனது நீதான்," என்றாள் அம்மா, சேலையில் சிந்திய ரசத்தைத் துடைத்தபடி.

அப்பா எழுந்தார். "சரி, இத எங்கன வைக்கலாம்?"

"அந்தச் சன்னலுக்குப் பக்கத்துல வச்சீகன்னா..." என்று தொடங்கினார் மாமா.

"ஒன்னக் கேக்கல. சினேகா, நீ சொல்லு."

அக்கா திகைத்துப் போனாள். தன்னைத்தான் கேட்கிறாரா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். கட்டிலைச் சுவரை ஒட்டி நீளவாக்கில் போட வேண்டும். பீரோ கிழக்குச் சுவருக்குப் போகும். அப்போது கதவும் கிடைக்கும், சன்னலும் மறையாது. பேசப் பேசத் தயக்கம் போய்விட்டது.

"இன்னொண்ணுப்பா. இந்தக் கதவு உள்பக்கமா திறக்குது. வெளிப்பக்கமா திறக்குற மாதிரி மாத்தணும்."

அப்பா சட்டென்று அவளைப் பார்த்தார். "அது எங்க கம்பெனி விதியாச்சே. ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. யோசிச்சுப் பாத்தேன். பயந்து ஓடுற ஆளு கதவ நின்னு இழுக்க மாட்டாக. தள்ளத்தான் செய்வாக."

அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

எல்லாரும் சேர்ந்து பீரோவைத் தள்ளினார்கள். பின்னாலிருந்து எழிலின் பந்து, ஒரு குழிக்கரண்டி, எலி கடித்த செருப்பு ஒன்று, மாமா பல வருடங்களாகத் தேடிய சீப்பு எல்லாம் கிடைத்தன. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு அப்பா இழுத்தார். கதவு முனகிக்கொண்டே திறந்தது. உள் அறைக்குள் வெயில் வந்தது. வெயிலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றும், எப்போதும் அந்த வழியாகவே வந்து போவதுபோல, நிதானமாக நடந்து வந்தது.

அக்கா சிரித்தாள். எழிலுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அப்பா அடுத்துச் சொன்னது அதைக் கெடுத்துவிட்டது.

"காலையில சீக்கிரம் கிளம்பணும். சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வையி."

அவ்வளவுதான் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. அதைத்தான் நேற்றே சொல்லிவிட்டாரே. அக்காவின் சிரிப்பு அணைந்துபோனது. எழிலுக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நடந்தும் விருதுநகர்தானா?

மறுநாள் எழிலும் கூடப் போனாள். சிவகாசியில் மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். அது விருதுநகர் வழியாகத்தான் போகும். பெண்கள் பக்கம் இடம் கிடைத்து அக்காவும் எழிலும் உட்கார்ந்தார்கள். அப்பா கூட்டத்துக்குள் புகுந்து பின்னால் போய்விட்டார். டிக்கெட்டை அங்கேயே எடுத்துக்கொண்டார்.

வழி முழுக்க அக்கா மடியில் இருந்த பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எழில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"விருதுநகர் எறங்குறவங்க எல்லாம் வாங்க," என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பஸ் நின்றது. பாதிக் கூட்டம் இறங்கியது.

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எழிலும் எழுந்தாள். அப்பா வருகிறாரா என்று இருவரும் பின்னால் பார்த்தார்கள்.

அப்பா வரவில்லை. கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெங்காய மூட்டைக்கு முன்னால் நின்று, மூட்டைக்காரரிடம் மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அவசர வழின்னு எழுதியிருக்குல்ல. அதுக்கு நேரா மூட்டைய வச்சிருக்கீகளே. ஒரு ஆபத்துன்னா இம்புட்டு சனமும் எப்படி எறங்கும்?"

"அப்பா," என்று கூப்பிட்டாள் அக்கா. "விருதுநகர் வந்திருச்சு."

அப்பா மூட்டையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டே திரும்பினார்.

"வரட்டும். நீ எதுக்கு எந்திரிக்க? மதுரைக்குல்ல டிக்கெட் எடுத்திருக்கேன். உக்காரு தாயி."

அக்கா உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வாய் திறந்தபடி அப்படியே நின்றாள். எழில்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பஸ் கிளம்பியது. பின்னால் அப்பாவும் மூட்டைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெங்காய மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கன வைக்க?" என்றார் மூட்டைக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அப்பா. "எம் மகளக் கேட்டுச் சொல்லுதேன்."