இன்னும் போடாத படம்

அலுவலக ஃபோன் அலறியது.

கல்லூரி விளையாட்டுப் பிரிவின் இணையப் பக்கத்தை நடத்துபவள் எடுத்தாள்.

"என் பொண்ணு எங்கம்மா?"

ஆண் குரல். மூச்சு இரைத்தது.

"நீங்க யார் சார்?"

"பஸ் டிரைவர்மா. எம் பொண்ணு உயரம் தாண்டுவா. உங்க காலேஜ்ல சேர்த்துக்கறோம், தேர்வுக்கு வான்னு மெசேஜ் போட்டீங்க. காலையிலேயே கிளம்பிட்டா. இப்ப ஃபோன் அணைஞ்சு கிடக்கு..."

"இன்னைக்குத் தேர்வே இல்லையே, சார்."

"ஐயோ, அப்ப யாரும்மா வரச் சொன்னது?"

"அந்த மெசேஜ் உங்ககிட்ட இருக்கா?"

"பெருமையா எனக்கும் அனுப்பியிருந்தாம்மா."

தன் கைபேசி எண்ணைச் சொல்லிவிட்டு வைத்தாள்.

எதிர் நாற்காலியில் கோச். மாணவர்கள் வைத்த பெயர் விசில். சாவிக்கொத்து அவர் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

"யாரு?"

சொன்னாள்.

"எவனோ நம்ம பேர்ல போலிக் கணக்கு ஆரம்பிச்சிருக்கான். ஊர்ல நடக்காததா? எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு பக்கத்துல ஒரு வரி போட்டு விடு."

"பொண்ணைக் காணோம், சார்."

"அதுக்கு போலீஸ் இருக்கு. சரி, நீ போட்டாலும் யார் பார்க்கப் போறா? நம்ம பக்கத்தைப் பார்க்கறது நீயும் உங்கம்மாவும்தான்."

வழக்கமான கிண்டல். வழக்கமாகச் சிரிப்பாள்.

அவள் கைபேசி அதிர்ந்தது. டிரைவர் அனுப்பிய மெசேஜ். கல்லூரிச் சின்னம். கீழே ஒரே வரி.

'உனக்கான சீருடை தயார்.'

கூடவே ஒரு படம். நாற்காலி முதுகில் புதுப் பச்சைச் சீருடை.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்தப் படத்தை நேற்று மாலை இதே அறையில் எடுத்தவள் அவள். நாளைக்குப் போடுவதற்காகப் பக்கத்துக்குள் சேமித்து வைத்திருந்தாள். இன்னும் போடவில்லை. உள்ளே நுழைந்து பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். அது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒருத்தி அவள்.

சாவிக்கொத்து சுழன்றுகொண்டே இருந்தது.

அவள் எழுந்தாள். வாரப் பேட்டிக்கென்று அலுவலகக் கைபேசியை மாட்டி வைத்த ஸ்டாண்ட் மூலையில் நின்றது. கோச் அதில் துண்டு காயப்போடுவார். துண்டை எடுத்தாள். கைபேசியின் தூசியைத் துடைத்தாள். துடைத்த விரல் திரையில் இரண்டு இடத்தில் நின்றது.

"சார்... இந்தப் படத்தை நான் இன்னும் போடவே இல்லையே."

சாவிக்கொத்து நின்றது.

கோச் எழுந்து கதவைத் தாழிட்டான். அவள் கையிலிருந்த அவளுடைய சொந்த ஃபோனைப் பிடுங்கி அணைத்தான்.

"ரொம்பத்தான் கவனிக்கற."

"பொண்ணு உயிரோட இருக்காளா?"

"இருக்கா. பழைய ஜிம்ல. பூட்டியிருக்கேன்."

"எதுக்கு சார்?"

"காலேஜ்ல இடம்னு சொன்னா போதும். எந்தப் பொண்ணும் எங்க கூப்பிட்டாலும் வரும். அப்பா அம்மாவே பை தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விடுவாங்க. வாயைத் திறந்தா இடம் போயிடும்னு பயம். ஒண்ணும் பேசாது."

"போன வருஷம் அந்த நீளம் தாண்டற பொண்ணு... சேர்ந்த மாசமே விட்டுட்டுப் போனாளே."

"அவளும் பேசலை. நீயும் பேச மாட்ட. பேசினா, மெசேஜ் போட்டதே நீதான்னு சொல்லுவேன். பக்கம் உன் கையிலதானே இருக்கு? கோச் சொல்றதை நம்புவாங்களா, படம் போடறவ சொல்றதையா?"

அவள் அவன் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாண்டில் இருந்த கைபேசித் திரையில் எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன.

'அக்கா, நாங்க ஹாக்கி பசங்க. பழைய ஜிம் பக்கத்துலதான் இருந்தோம். பூட்டை உடைச்சாச்சு.'

'பொண்ணு பத்திரம். அழறா. ஆனா பத்திரம்.'

'பொண்ணோட அப்பா பாத்துட்டிருந்தா கவலைப்படாதீங்க சார்.'

'அக்கா, கதவுகிட்டேயிருந்து தள்ளி நில்லுங்க. வந்துட்டோம்.'

அவன் திரும்பினான். துண்டில்லாத ஸ்டாண்டை அப்போதுதான் பார்த்தான். திரையின் மூலையில் சிவப்பாக ஒரு வார்த்தை.

நேரலை.

படிக்கட்டில் ஏகப்பட்ட கால்கள். கதவு அதிர்ந்தது.

திரையில் இன்னொரு வரி ஏறியது.

அவள் அதைப் படித்தாள்.

"நீங்க சொன்னது சரிதான், சார். எங்கம்மாவும் பார்த்துட்டுதான் இருக்காங்க. உங்களைச் செருப்பால அடிக்கச் சொல்றாங்க."